நாணமும் நோவும்

முட்டத்தை அறியாத தமிழர் இன்று குறைவு. 1981-ல் வெளிவந்த ‘அலைகள் ஓய்வதில்லை’ என்னும் திரைப்படமும், அதன் பின்னர் வந்த வேறு சில படங்களும் அவ்வூரின் பாறைகளையும் செம்மண் மேட்டையும் நாடெங்கும் கொண்டு சென்றுவிட்டன. நமக்குப் படம் பார்க்கும் பழக்கமில்லை. முட்டம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது, நமது மூத்த மகள் குடியிருந்த ஒரு வாடகை வீடும், அவ்வீட்டு முற்றத்தின் கோடியில் இருந்த ஒரு தகரக் கதவும்தாம். அந்தக் கதவைப் பற்றி எழுதக் கூசியே சில ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். கூச்சத்தினால் விளைந்த ஒரு துன்பத்தைக் கூச்சத்தினாலேயே மறைத்து வைப்பது அறிவாகாது என்று தோன்றியதால், இப்பொழுது துணிந்து எழுதுகின்றோம்.

நமது மருமகன் மீன் வியாபாரி. முட்டம் துறைமுகத்தில் விடியுமுன் ஏலம் எடுத்து, ஐஸ் போட்டுப் பெட்டிகளில் அடுக்கிக் கேரளத்துக்கு லாரி ஏற்றுவது அவருடைய தொழில். அதன் பொருட்டே மகளும் அவ்வூரில் குடியேறினாள். மீனவக் கிறிஸ்தவர்கள் நிறைந்த ஊர் அது. அக்கம்பக்கத்தார் அவளைத் தம் பிள்ளையைப் போலவே பார்த்துக்கொண்டனர். நாம் மாதத்தில் இருமுறை தக்கலையில் பஸ் ஏறித் திங்கள்சந்தை வழியாகச் சென்று பார்த்து வருவோம். அவளுடைய உம்மா இறையடி சேர்ந்து அப்பொழுது ஐந்தாண்டுகள் ஆகியிருந்தன. ஆகவே தாயும் தந்தையுமாக நாமே இருக்கின்றோம் என்று ஒரு நினைப்பு நமக்கு இருந்தது. அந்த நினைப்பு எவ்வளவு அரைகுறையானது என்பதை 2022-ம் ஆண்டு நமக்கு உணர்த்திற்று.

அவ்வாண்டு ரமலான் மாதம் ஏப்ரலில், கொடுங்கோடையில் வந்தது. மகளுக்கு அது ஏழாம் மாதம். நோன்பின் முதற்பத்து முடிந்த ஒரு நாள் நாம் சென்றபொழுது, அவள் முகம் வெளிறியிருந்தது. உட்கார்ந்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். எழும்பொழுது பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். “என்ன மோளே, உடம்புக்கு?” என்று கேட்டோம். “ஒண்ணும் இல்ல வாப்பா, நோன்புக் களைப்பு” என்றாள். அவள் நோன்பு நோற்று வந்தாள் என்பதே அப்பொழுதுதான் நமக்குத் தெரிந்தது.

சூலுற்ற பெண்ணுக்கும் பாலூட்டும் தாய்க்கும், தம் உடலுக்கோ பிள்ளைக்கோ தீங்கு வருமென்று அஞ்சினால் நோன்பை விட்டுப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் இடமளித்திருக்கின்றது. இதனை நாம் முப்பதாண்டுகளாகப் பாடம் சொல்லி வருகின்றோம். ஜும்ஆ மேடையிலும் பேசியிருக்கின்றோம். ஆனால் நம் மகளை நோக்கி, “நீ மருத்துவரிடம் கேட்டாயா? உன் உடல்நிலை என்ன?” என்று ஒரு தடவை கேட்டோமில்லை. சட்டம் கிதாபில் இருந்தது. மகள் முட்டத்தில் இருந்தாள்.

நாம் திரும்பப் புறப்பட்டபொழுது அடுத்த வீட்டு மூதாட்டி வேலியோரம் நின்று நம்மை அழைத்தார். மீன் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கிய உழைப்பாளி அவர். சுற்றி வளைக்காமல் சொன்னார்: “சாரே, புள்ளைக்கு வயிறு கட்டிக் கெடக்கு. அஞ்சு நாளாச்சு. அது வெக்கப்பட்டுச் சொல்லாது. வெளக்கெண்ண குடுக்கலாமான்னு மாமியாக்காரி போன்ல கேக்கா. ஏழாம் மாசத்துல குடுக்காதன்னு நான் சொல்லியிருக்கேன்.”

நமக்கு முகம் சுருங்கிற்று. அயலார் ஒருவர் நமது மகளின் உடலைப் பற்றி நம்மிடம் இவ்வாறு பேசுவதா என்ற கூச்சம்தான் முதலில் எழுந்தது. கவலை அதற்குப் பின்னரே வந்தது. அந்த வரிசையை இன்றும் நம்மால் மன்னிக்க முடியவில்லை.

விளக்கெண்ணெய் கூடாதென்று அம்மூதாட்டி சொன்னது முற்றிலும் சரி. ஆமணக்கெண்ணெய் குடலை மட்டும் தூண்டுவதில்லை; கருப்பையையும் தூண்டிச் சுருங்கச் செய்யக்கூடும். குறைமாதத்தில் அது ஆபத்து. நாமும் அதனை மனத்தில் வாங்கிக்கொண்டோம். ஆனால் பஸ்ஸில் அமர்ந்து வரும்பொழுது நமது கல்வி நம்மிடம் பேசத் தொடங்கிற்று.

அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களிடம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், வயிற்றை இளக்க எதனைப் பயன்படுத்துகின்றீர் என்று வினவிய செய்தி திர்மிதீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் உள்ளது. அவர் ஒரு கடுஞ்செடியின் பெயரைச் சொன்னார். அது மிகுந்த வெம்மையுடையது என்று நாயகம் (ஸல்) உணர்த்தினார்கள். பின்னர் அவர் சனா இலைக்கு மாறினார். சனாவைப் பெருமானார் உயர்த்திப் பேசினார்கள். இச்செய்தியின் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் அறிஞர்களிடையே பேச்சுண்டு. எனினும் யூனானி மருத்துவர்கள் நெடுங்காலமாக இதனை எடுத்தாண்டு வந்திருக்கின்றனர்.

சனா என்பது வேறொன்றுமன்று, நமது நிலாவரைதான். திருநெல்வேலிச் சீமையின் கரிசலிலும் செம்மண்ணிலும் பயிராகித் தூத்துக்குடித் துறைமுகம் வழியே உலகெங்கும் சென்ற சரக்கு அது. மேனாட்டு மருந்து நூல்களிலேயே ‘திருநெல்வேலி சென்னா’ என்று நம் மாவட்டத்துப் பெயரோடு அது பதிவாகியிருக்கின்றது. அரபகத்தின் இலையும் நம் அண்டை மாவட்டத்தின் இலையும் ஒன்றே என்பதைப் பாடம் நடத்தும்பொழுதெல்லாம் பெருமையோடு சொல்லுவோம். அந்தப் பெருமை அன்று நம் கண்ணை மறைத்துவிட்டது. தக்கலையில் இறங்கியதும் நாட்டு மருந்துக் கடையில் நிலாவரைப் பொடி வாங்கி, மறுநாட்காலை மருமகனின் லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினோம். “இரவில் வெந்நீரில் கலந்து குடிக்கச் சொல்லவும்” என்று சீட்டும் எழுதினோம். எவ்வளவு என்று எழுதவில்லை. நமக்கே தெரியாது. மருத்துவரைக் கேட்கவுமில்லை.

வாப்பா அனுப்பிய மருந்து அல்லவா? மகள் இரண்டு தேக்கரண்டி கலந்து குடித்துவிட்டாள்.

நள்ளிரவுக்குப் பின்னர் மருமகனின் தொலைபேசி வந்தது. வயிற்றை முறுக்கிப் பிடிக்கின்றது என்றும், இடுப்பு வலிக்கின்றது என்றும், அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதாகவும் சொன்னார். நாம் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபொழுது சஹர் நேரம். உள்ளே குழந்தையின் இதயத் துடிப்பைக் கருவி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கதவு வழியே நமக்கும் கேட்டது. வெளிப் பலகையில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தோம். நமது கையெழுத்திட்ட சீட்டு ஒரு உயிருக்கு என்ன செய்திருக்கும் என்ற எண்ணம், ஓதும் நாவையும் தடுமாறச் செய்தது.

எல்லாம் வல்ல அல்லாஹ்வின் கருணையால் அது பிரசவ வலியாக முற்றவில்லை. குடலின் முறுக்கல்தான் என்று விடியும் வேளையில் பெண் மருத்துவர் சொன்னார். நீர் வற்றியிருந்ததால் குளுக்கோஸ் ஏற்றினர். இரத்தத்தைச் சோதித்தபொழுது வேறொரு செய்தி வெளிவந்தது: சூலுற்ற பெண்ணுக்கு 11 கிராமுக்குக் குறையாமல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின், நம் மகளுக்கு 8.6 ஆக இறங்கியிருந்தது.

காலையில் வந்த சுகாதாரச் செவிலியர் நம்மை உட்காரவைத்துப் பேசினார். “சாரே, நீங்க படிச்சவங்க. ஆனா இது ரெண்டு உயிரு இருக்கிற வயிறு. இவ்வளவு போதும்னு உங்களுக்கு யாரு அளந்து சொன்னா?” என்று கேட்டார். விடையில்லை. மருத்துவர் பார்த்து, அளவிட்டு, சில நாட்களுக்கென்று கொடுக்கும்பொழுது நிலாவரைக்கும் இடமுண்டு என்றும், கர்ப்பிணிக்கு எடுத்த எடுப்பில் கொடுக்கும் மருந்து அதுவன்று என்றும், அளவில்லாத பொடியாக ஒருபொழுதும் கூடாது என்றும் பொறுமையாக விளக்கினார். பின்னர் மகளிடம், “இரும்பு மாத்திரை எத்தனை மிச்சம் இருக்கு?” என்று கேட்டார். மகள் தலைகுனிந்தாள். வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பாவில் அறுபதுக்கு மேல் சேர்ந்திருந்தன.

நாடெங்கும் கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஒன்றாக 180 நாட்களுக்கு அரசு கொடுக்கும் மாத்திரை அது. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அதில் உண்டு. நம் நாட்டுக்கு அது எத்துணை இன்றியமையாதது என்பதற்கு ஒரு கணக்கே போதும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் கர்ப்பிணிகளுள் 100-க்கு 52 பேர் இரத்தசோகையுடையோர். பிரசவத்தில் பெருகும் இரத்தப்போக்கை இத்தகைய தாயால் தாங்கவியலாது. ஆனால் அம்மாத்திரை பலருக்கு வயிற்றைக் கட்டும்; மலத்தைக் கறுக்கச் செய்யும். கறுப்பைக் கண்ட நம் மகள் அது இரத்தமோ என்று அஞ்சினாள். யாரிடம் கேட்பது? மாத்திரையை நிறுத்திவிட்டாள். அதன் பின்னரும் வயிறு இளகவில்லை. மூலம் தள்ளி வலியும் சேர்ந்துகொண்டது. வலிக்குப் பயந்து அடக்கினாள். அடக்கியதால் மேலும் இறுகிற்று.

“என்னிடம் சொல்லியிருக்கலாமே, மோளே” என்றோம்.

“உம்மா இருந்தா சொல்லியிருப்பேன் வாப்பா. உங்கள்ட்ட எப்படிச் சொல்ல?” என்றாள்.

சூலுற்ற காலத்தில் வயிறு ஏன் கட்டுகின்றது என்பதை அச்செவிலியரும் மருத்துவரும் சொன்னபடி இங்கே தருகின்றோம். கருவைக் காக்கும் பொருட்டுப் பெண்ணுடலில் புரோஜெஸ்டிரோன் என்னும் சுரப்பு பெருகுகின்றது. கருப்பைத் தசையைத் தளர்த்திப் பிள்ளையைத் தங்கவைப்பது அதன் வேலை. அதே சுரப்பு குடலின் தசையையும் தளர்த்திவிடுகின்றது. உணவு மெல்ல நகர்கின்றது. மெல்ல நகரும் சக்கையிலிருந்து பெருங்குடல் நீரை மேலும் மேலும் உறிஞ்சுகின்றது, எஞ்சியது இறுகிப்போகின்றது. மாதம் ஏற ஏற, வளரும் கருப்பை குடலை அழுத்துகின்றது. குமட்டலால் உணவு குறைகின்றது. உடல் கனத்து நடை குறைகின்றது. இரும்பு மாத்திரையும் சேர்கின்றது. ஆய்வுகளின்படி கர்ப்பிணிகளுள் 100-க்கு 11 முதல் 38 பேர் வரை இத்தொல்லைக்கு ஆளாகின்றனர். ஆகவே இது அபூர்வ நோயுமன்று, எவருடைய குற்றமுமன்று. பிள்ளையைக் காக்கும் ஏற்பாட்டோடு கூடவே வருகின்ற ஓர் இடர்.

இவையெல்லாம் உடலின் காரணங்கள். நம் மகள் வீட்டில் வேறொரு காரணமும் இருந்தது. செவிலியர்தாம் அதனையும் கேட்டறிந்தார். “காலையில் எப்போ போவ? வர்ற நேரத்துல போயிருவியா, அடக்குவியா?” என்று கேட்டார். அவ்வீட்டின் கழிப்பறை முற்றத்தின் கோடியில் இருந்தது. முற்றமோ மருமகனின் வியாபாரக்களம். விடிந்தது முதல் ஒன்பது மணி வரை ஐஸ் உடைப்போரும், பெட்டி கட்டுவோரும், கணக்குப் பார்ப்போருமாக ஆண்கள் நிறைந்திருப்பர். அத்தனை பேர் பார்க்க வாளியோடு அந்தத் தகரக் கதவைத் திறந்து செல்ல அவளுக்கு நாணம். கதவும் முழுதாகச் சாத்தாது, தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. எனவே ஒன்பது மணி வரை காத்திருப்பாள். அதற்குள் வந்த உணர்வு மறைந்துவிடும். அதிகம் நீர் அருந்தினால் அடிக்கடி போகவேண்டுமே என்று நோன்பில்லாத நாளிலும் நீரைக் குறைத்துக்கொண்டாள்.

இதனை அடுத்த வீட்டு மூதாட்டியிடம் சொன்னபொழுது அவர் சிரித்துவிட்டார். “நாங்கெல்லாம் கதவே இல்லாத காலத்துப் பொம்பளைங்க சாரே. பாறைக்குப் பின்னால விடியுமுன்ன ஒரு தடவ, இருட்டின பெறகு ஒரு தடவ. நடுவுல வந்தா அடக்கணும். புள்ளத்தாச்சிக்கும் அதே சட்டம்தான்” என்றார். வீடுகளில் கழிப்பறைகள் வந்த பின்னரே அச்சட்டம் தளர்ந்தது. நம் பெண்களோ கழிப்பறை இருந்தும் அச்சட்டத்துக்குள் வாழ்கின்றனர்.

அன்றிரவு வீடு திரும்பி நம் நூல்களின் நடுவே அமர்ந்தபொழுது வெட்கம் மேலிட்டது. மதரஸாவில் நாம் ஓதிய முதல் பிக்ஹு கிதாபின் முதற்பாடம் எது? தூய்மை. தூய்மையின் தொடக்கத்திலேயே மலசல ஒழுங்கு வந்துவிடும். ஏழு வயதுச் சிறுவராக, உஸ்தாதின் முன்னமர்ந்து, கூச்சமின்றி உரத்த குரலில் அதனை ஓதினோம். உணர்வை அடக்கிக்கொண்டு தொழுவது வெறுக்கத்தக்கது என்றும் ஓதினோம். தொழுகையே சற்றுப் பிந்தலாம், இயற்கையின் அழைப்பைத் தடுக்கலாகாது என்று கற்பிக்கின்ற மார்க்கத்தைச் சேர்ந்தோம். ஆனால் நம் மகள் ஐஸ் பெட்டி கட்டுவோருக்காக ஒன்பது மணி வரை காத்திருந்தாள். கழிப்பிடத்திலிருந்து வெளிவருகின்றவன், துன்பம் தந்ததைத் தன்னிலிருந்து நீக்கி நலமளித்த இறைவனைப் புகழும் துஆவையும் பிள்ளைகளுக்குக் கற்பித்தே வந்திருக்கின்றோம். அந்நலம் ஐந்து நாட்களாக மறுக்கப்பட்ட ஒருத்தி நம் குடும்பத்திலேயே இருந்ததை அறிந்தோமில்லை.

அஸ்மா (ரலி) அவர்களின் செய்தியை மீண்டும் எடுத்துப் படித்தோம். முப்பதாண்டுகளாக அதில் நாம் கண்டது ஓர் இலையை. இப்பொழுது கண்ணில் பட்டது வேறு. வயிற்றை இளக்க எதனைக் கொள்கின்றீர் என்று ஒரு பெண்மணியிடம் நேராகக் கேட்கப்பட்டது; அவரும் நாணிக் குழையாமல் நேராக விடை சொன்னார். கேட்டவர் யார், கேட்கப்பட்டவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். கடுமையானதைத் தவிர்த்து மென்மையானதற்கு மாற்றுவதும் அச்செய்திக்குள்ளேயே இருக்கின்றது. நாமோ கேள்வியை விட்டுவிட்டு இலையை மட்டும் லாரியில் அனுப்பினோம். அன்சாரிப் பெண்கள் மார்க்கத்தை அறிவதற்கு நாணம் தடையாக நின்றதில்லை என்று ஆயிஷா நாயகி (ரலி) பாராட்டியதையும் நாம் அறியாதவரல்லோம்.

ஷைகு இப்னு ஸீனா 1037-ல் மறைந்தவர். அவருடைய ‘அல்-கானூன்’ நூலில் கர்ப்பிணிகளின் பராமரிப்பைப் பற்றிய பகுதி உண்டு. அவர்களின் வயிற்றை மிதமான, கொழுப்புள்ள இளகிய உணவுகளைக் கொண்டு இளக்கிவைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. யவன வைத்தியர் புக்ராத்தோ அவருக்கும் பல நூற்றாண்டுகள் முந்தியவர். கருவின் தொடக்க மாதங்களிலும் கடைசி மாதங்களிலும் பேதி மருந்தில் எச்சரிக்கை வேண்டுமென்று சொல்லிச் சென்றார். நவீன மருத்துவம் கண்டிப்பதற்கு வெகு முன்னரே பழைய ஏடுகளும் நம்மைக் கண்டித்தே இருக்கின்றன. நாம் ஏட்டின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

மருத்துவர் எழுதித் தந்தது மிக எளிய முறை. நோன்பை நிறுத்தி, நாளொன்றுக்கு எட்டுப் பத்துக் குவளை நீர் அருந்தவேண்டும். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும், அரிசிச்சோறும் மீன்கறியுமாகவே நாட்களைக் கழிக்காமல், கீரை, அவரை, வாழைத்தண்டு, சிறுபயறு, தோலோடு கொய்யா, பாளையங்கோட்டான் பழம் ஆகியவற்றை அன்றாடம் சேர்க்கவேண்டும். மரச்சீனி நம் நாட்டார் பசியை ஆற்றிய கிழங்கு. 1880 முதல் 1885 வரை ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் விசாகம் திருநாள் அதனைப் பரப்பினார் என்பது வரலாறு. பசியை ஆற்றினாலும், நார்ச்சத்து அதில் குறைவு. காலையும் மாலையும் சிறிது நடக்கவேண்டும். காலை உணவுக்குப் பின்னர் குடல் தானே அசையும் வேளை. அப்பொழுது அவசரமின்றி அமரவேண்டும். உணர்வு வந்தால் அடக்கலாகாது. மேனாட்டு முறைக் கழிப்பறையாயின் பாதங்களுக்குக் கீழே ஒரு சிறு பலகையை வைத்து, முழங்காலை உயர்த்தி அமர்வது எளிது.

இவற்றோடு இசப்கோல் உமியை நிறைய நீரில் கலந்து அருந்தச் சொன்னார். ‘அஸ்ப்’ என்றால் பாரசீகத்தில் குதிரை. ‘கோல்’ என்றால் காது. குதிரைக் காதின் வடிவில் விதை இருப்பதால் வந்த பெயர். அது குடலைத் துன்புறுத்துவதில்லை. நீரை ஏந்திப் பருத்து, மலத்தை மென்மையாக்குகின்றது. நீர் போதாவிடில் அதுவே கட்டிக்கொள்ளும் என்றும் எச்சரித்தார். தேவைப்பட்டால் லாக்டுலோஸ் என்னும் திரவ மருந்து தரலாம், அது கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படுவதே என்றார்.

இரும்பு மாத்திரையை மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது. ஒத்துக்கொள்ளாவிடில் சொல்லவேண்டும், வேறு வகையாக மாற்றலாம், உண்ணும் முறையை மாற்றலாம், மிகவும் தேவையானால் ஊசி வழியாக இரத்தத்தில் ஏற்றலாம். தேநீர், காப்பி, பால், சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து உண்டால் இரும்பு உடலில் சேராது; எலுமிச்சைச் சாற்றோடு உண்டால் நன்கு சேரும். மலம் கறுப்பது இம்மாத்திரையால் வழக்கமாக நேர்வதே. சிவந்த இரத்தம் கண்டாலோ, கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, காற்றும் பிரியாமை, விட்டுவிட்டு வரும் இடுப்புவலி, நீர் அல்லது உதிரக் கசிவு, பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலோ, இரவென்றும் பகலென்றும் பாராமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தாய்மார்கள் இவ்வரிகளை வெட்டி அடுக்களைச் சுவரில் ஒட்டிவைத்தாலும் நன்றே.

மருமகன் நல்லவர். செய்தி அறிந்ததும் அவருக்கும் முகம் வாடிற்று. “எனக்குத் தோணவே இல்ல மாமா” என்றார். நமக்கும் தோன்றவில்லையே என்றோம். ஒரு வாரத்துக்குள் பெட்டி கட்டும் வேலையைத் துறைமுகத்தருகே ஒரு கொட்டகைக்கு மாற்றினார். தகரக் கதவு போய் மரக்கதவு வந்தது. உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீர்க் குழாயும் வந்தன. அந்தக் கதவுக்கு ஆன செலவு, நாம் ஆட்டோவிலும் மருந்திலும் செலவிட்டதைவிடச் சற்றே அதிகம்.

நாணத்தால் நம் பெண்கள் நோயைச் சுமந்த வரலாறு இன்று நேற்றையதன்று. ஆண் மருத்துவரிடம் வர மறுத்து வீட்டிலேயே மடிந்த பெண்களைக் கண்டு வருந்தி, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி ஷார்லீப் அம்மையார் 1885-ல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனையைச் சென்னையில் தொடங்கினார். கோஷாப் பெண்களுக்காக எழுந்ததால் திருவல்லிக்கேணியில் இன்றும் முதியோர் அதனைக் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்றே அழைக்கின்றனர். கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்பது அதன் இன்றைய பெயர். 1928-ல் பம்பாய்க்கு வந்து, ஏழைக் கர்ப்பிணிகளின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் பின்னர் அங்கும் ஆய்வு நடத்தினார். அவர் கண்ட உண்மையே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என அறியப்பட்டது. நம் மகள் பிஸ்கட் டப்பாவில் ஒளித்து வைத்த மாத்திரைக்குள் இருந்தது, நம் போன்ற வீட்டுப் பெண்களின் வெளிறிய முகத்தைக் கண்டு ஒருவர் தேடிக் கண்ட மருந்து. திரையைக் குறை சொல்ல இதனை எழுதவில்லை. திரைக்குள்ளும் ஒரு கேள்வி சென்று சேரவேண்டும், ஒரு விடை வெளியே வரவேண்டும் என்பதே நம் கருத்து.

தமிழக அரசு 2018-ல் கர்ப்பிணிகளுக்கு வழங்கத் தொடங்கிய ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து மருந்தோடு பேரீச்சம்பழமும் இடம்பெற்றது. அப்பெட்டகத்தை மகள் வீட்டில் கண்டபொழுது மர்யம் (அலை) அவர்களின் வரலாறு நம் நினைவுக்கு வந்தது. பேறுகால வேதனையில், மரணமே மேலென்று சோர்ந்திருந்த அன்னைக்குக் கிடைத்த ஆறுதல் என்ன? காலடியில் ஓடும் நீரும், கைக்கெட்டும் பேரீச்சம்பழமும், உண்டு பருகிக் கண்குளிர்ந்திரு என்ற கருத்தும் அல்லவா? அவர் தனிமையில் இருந்தார். ஆயினும் அவருடைய உடலின் தேவை மறக்கப்படவில்லை.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் மகளுக்குப் பெண்குழந்தை பிறந்தது. பிரசவத்தின்பொழுது ஹீமோகுளோபின் 10.4-க்கு ஏறியிருந்தது. அல்ஹம்துலில்லாஹ். இப்பொழுது அவர்கள் குளச்சலில் இருக்கின்றனர். பேத்தி, “நன்னா, வயிறு வலிக்கி, கக்கா வரல்ல” என்று நாலு பேர் நடுவே உரக்கச் சொல்லுவாள். வீட்டார் அவளை அதட்டுவர். நாம் அதட்டுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கின்றோம். நாம் ஓதிக்கொடுக்கும் மதரஸாவில் மாலை வகுப்புக்கு நாற்பது சிறுமியர் வருகின்றனர். அங்கிருந்த கழிப்பறையின் சாவி உஸ்தாதின் மேசைக்குள் இருந்தது. அதாவது நம் மேசைக்குள். சாவி கேட்டு எந்தச் சிறுமியும் வந்ததாக நமக்கு நினைவில்லை. யாருக்கும் தேவைப்படவில்லை என்றே அதுவரை எண்ணியிருந்தோம். மகள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மறுநாள் அந்தப் பூட்டைக் கழற்றினோம். உட்புறத் தாழ்ப்பாளுக்கு எண்ணெய் இட்டு, ஒரு வாளியும் குவளையும் வைத்தோம். முதல் வாரத்தில் தொட்டியை நாளுக்கு இருமுறை நிரப்பவேண்டியதாயிற்று.